வலசைக் காடையின் மரபணு: எண்ணிக்கை சொல்லாத கணக்கு

காடையின் எடை நூறு கிராம் அளவுதான். கோழி, மயில், கவுதாரி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த பறவை அது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பிறந்த காட்டையும் மேட்டையும் விட்டு அதிகம் நகராதவை. காடையோ ஆண்டுக்கு இரண்டு முறை மத்தியதரைக் கடலைத் தாண்டுகிறது. வசந்தத்தில் ஐரோப்பாவின் கோதுமை, பார்லி வயல்களுக்குப் போய் முட்டையிடுகிறது. குளிர் தொடங்குமுன் சகாராவைக் கடந்து ஸாஹெல் புல்வெளிகளுக்குத் திரும்புகிறது. கிழக்கே மத்திய ஆசியாவில் பிறப்பவற்றில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வருகிறது.

கடலைக் கடந்த களைப்போடு எகிப்தின் கரையில் இறங்கும் காடைகளை வலை விரித்துப் பிடிக்கும் வழக்கத்துக்கு வயது பல்லாயிரம் ஆண்டு. பாலைவனத்தில் இஸ்ரவேலரின் பாளயத்தைக் காடைகள் வந்து மூடியதை விவிலியத்தின் யாத்திராகமமும் எண்ணாகமமும் சொல்கின்றன. இன்றும் இலையுதிர் காலத்தில் அந்தக் கரை நெடுக வலைகள் கட்டப்படுகின்றன. கடலுக்கு வடக்கே ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் நாடுகளில் நாயும் துப்பாக்கியுமாக வேட்டை நடக்கிறது. ஒரே பறவை, ஒரே பயணத்தில், பல நாடுகளின் சட்டங்களுக்குக் கீழே பறந்து போகிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இத்தனை நாட்டு வேட்டைக்காரர்கள் சுடுவது ஒரே இனத்தொகையையா, அல்லது வெவ்வேறு இனத்தொகைகளையா? ஸ்பெயினில் அதிகம் சுட்டால் போலந்தில் காடை குறையுமா? வேட்டையாடப்படும் எல்லா வலசைப் பறவைகளுக்கும் பொதுவான கேள்வி இது. வாத்து, புறா, உள்ளான் என ஒவ்வொன்றுக்கும் வேட்டை அனுமதி கொடுக்கும் அரசு இதற்கு ஒரு விடையை வைத்துக்கொண்டுதான் அனுமதி கொடுக்கிறது, அந்த விடை சரியோ தவறோ. முன்பு காலில் வளையம் மாட்டி, அந்தப் பறவை எங்கே சுடப்பட்டது என்று பார்த்து விடை தேடினார்கள். ஆயிரக்கணக்கில் வளையம் மாட்டினால் சில பத்து வளையங்களே திரும்பி வரும். ஆகவே மரபணு ஆய்வு வந்தபோது, இனி ஒவ்வொரு பறவையும் தன் ஊரைத் தானே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு நிறைவேறியது, எங்கே நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போனது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஒரு பறவையின் இரண்டு பிரதி மரபணுக்களும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். ஒரு கூட்டத்துக்குள் இந்த வேறுபாடு எவ்வளவு என்பது மரபணுப் பன்மை. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே அது எவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்பது இனத்தொகைக் கட்டமைப்பு. இரண்டு கூட்டங்கள் தங்களுக்குள் கலக்காமல் நெடுங்காலம் இருந்தால், தற்செயலாகவே அவற்றின் மரபணு விகிதங்கள் விலகிப் போகும். கலப்பு இருந்தால் விலகாது. எவ்வளவு கலப்பு போதும்? சூவல் ரைட் 1931இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து கிளைத்த கணக்கு இதற்கு வியப்பான விடை தருகிறது: ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பறவை இடம் மாறி இனப்பெருக்கம் செய்தாலே, இரண்டு கூட்டங்களும் மரபணு அளவில் பெரிதாகப் பிரியாமல் இருந்துவிடும். கூட்டத்தில் நூறு பறவை இருந்தாலும் சரி, லட்சம் இருந்தாலும் சரி, ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனால், வலசைப் பறவைகளிடம் கட்டமைப்பு அவ்வளவாகக் கிடைக்காததில் வியப்பில்லை. மல்லார்ட் என்ற பச்சைத் தலை வாத்து உலகிலேயே அதிகம் வேட்டையாடப்படும் வாத்துகளில் ஒன்று. ராபர்ட் கிராஸும் அவருடைய குழுவினரும் உலகின் பல மூலைகளிலிருந்து அதன் மாதிரிகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பறவை நிபுணர்கள் வரைபடத்தில் வரைந்து வைத்திருந்த வலசைப் பாதைகளுக்கு மரபணுவில் அடையாளமே தென்படவில்லை. யூரேசியா முழுவதும் ஒரே கூட்டம்போல இருந்தது. வலசை போகாமல் தங்கிவிட்ட கிரீன்லாந்து வாத்துகள்தான் தெளிவாகத் தனித்து நின்றன. ஐரோப்பிய டர்ட்டில் புறாவிலும் இதே கதை. மேற்கே ஜிப்ரால்டர் வழியாகவும், நடுவே இத்தாலி வழியாகவும், கிழக்கே பால்கன் வழியாகவும் ஆப்பிரிக்காவுக்குப் போகும் மூன்று கூட்டங்களை ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, மூன்றுக்கும் மரபணு வேறுபாடு இல்லை என்றது.

வாத்துகளில் ஒரு நுணுக்கம் உண்டு. பெண் வாத்து தான் பிறந்த சதுப்புக்கே திரும்பிப் போகும். ஆண் அப்படியில்லை. குளிர்காலத்தில் பல ஊர் வாத்துகளும் ஒன்றுகூடும் ஏரியில் ஜோடி சேர்ந்து, பெண் போகும் ஊருக்கே பின்தொடர்ந்து போய்விடும். ஆகவே தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தால் ஊருக்கு ஊர் வேறுபாடு தெரியும்; இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தால் எல்லாம் கலந்து கிடக்கும். எந்த டிஎன்ஏவைப் படித்தோம் என்பதைப் பொறுத்து ஒரே பறவைக்கு இரண்டு விடை கிடைக்கும், இரண்டும் உண்மை. பெண்கள் திரும்பி வராத சதுப்பு, பக்கத்துச் சதுப்பில் எத்தனை வாத்து இருந்தாலும், எளிதில் நிரம்பாது.

காடை இன்னும் சிக்கலானது. அதற்கு நிலையான ஊர் என்பதே கிடையாது. ஆண் காடை இனப்பெருக்கக் காலத்திலேயே வயல் வயலாக அலையும். தெற்கே தானியம் முற்றி அறுவடை நடந்ததும், மறைவு போய்விட்ட காடைகள் இன்னும் பசுமையாக இருக்கும் வடக்கு வயல்களை நோக்கி நகரும். வட ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஸ்பெயினிலும் சீக்கிரமே பொரித்த குஞ்சுகள் சில வாரங்களில் வயதுக்கு வந்து, அதே கோடையில் வடக்கே போய்த் தாமும் முட்டையிடும் என்பது காடையை நெடுநாள் ஆராய்ந்தவர்களின் முடிவு. இப்படிப்பட்ட பறவையில் ஐரோப்பா முழுவதும் மரபணு ஒரே சீராக இருப்பதுதான் இயல்பு. பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் குழுவும் ஸ்பெயினின் டொனானா உயிரியல் நிலையமும் செய்த ஆய்வுகளில் கிடைத்ததும் அநேகமாக அதுவே.

கட்டமைப்பு இல்லை, சரி. அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? முதல் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மரபணுவில் ஒன்றுதான் என்றால் நிர்வாகத்திலும் ஒன்றாக நடத்தலாம், ஓரிடத்தில் குறைந்தால் மற்ற இடத்திலிருந்து வந்து நிரம்பிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. ரைட்டின் கணக்கை மறுபடி பாருங்கள். மரபணு ஒன்றாக இருக்கத் தலைமுறைக்கு ஒரு பறவை மாறினால் போதும். ஆனால் ஆண்டுக்கு லட்சம் பறவை சுடப்படும் இடத்தை நிரப்ப ஒரு பறவை போதாது, லட்சம் வேண்டும். இரண்டுக்கும் இடையே இருக்கும் பள்ளத்தை மரபணு ஆய்வு காட்டாது. அது காட்டக் கூடிய கருவியும் அல்ல.

இதற்குச் சான்று டர்ட்டில் புறாவே. ஐரோப்பாவில் அதன் எண்ணிக்கை 1980க்குப் பிறகு பெருமளவு சரிந்தது. 2015இல் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். மரபணு ஆய்வு மூன்று பாதைகளும் ஒன்றே என்றபோதிலும், நிர்வாகிகள் வளையக் கணக்கையும் பயணப் பாதைகளையும் நம்பி, மேற்குப் பாதையைத் தனி அலகாகவே வைத்துக்கொண்டார்கள். 2021 முதல் பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவை அந்தப் பாதையில் வேட்டையை நிறுத்தின. சில ஆண்டுகளிலேயே மேற்கில் கூடு கட்டும் புறாக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மரபணு ஒன்று என்பதால் மூன்று பாதைக்கும் ஒரே ஒதுக்கீடு என்று முடிவெடுத்திருந்தால், மேற்கில் நடந்த சேதம் மொத்தக் கணக்கில் கரைந்து போயிருக்கும். இந்த நிர்வாகிகள் செய்தது சரி என்பது என் கருத்து. மரபணு ஆய்வாளர்களின் முடிவும் சரிதான். அதைக் கேட்கக் கூடாத கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இரண்டாவது தவறு பன்மையைப் பற்றியது. பன்மை அதிகம் இருந்தால் இனம் நலம், குறைந்தால் ஆபத்து என்ற எளிய சூத்திரம் அரிய விலங்குகளின் பாதுகாப்பிலிருந்து வந்தது. சில நூறு மட்டும் மிஞ்சிய இனத்துக்கு அது பொருந்தும். கோடிக்கணக்கில் இருந்து லட்சங்களாகக் குறையும் வேட்டைப் பறவைக்குப் பொருந்தாது. ஏனென்றால் பன்மை கரைவதற்குக் காலம் பிடிக்கும். இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் பறவைகள் பத்தாயிரம் இருந்தால், ஒரு தலைமுறையில் இழக்கும் பன்மை இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். நாற்பது ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு பறவை போய்விட்டாலும் மரபணுத் தாளில் அது கறையாக விழாது. பன்மை குறையவில்லை என்ற அறிக்கையைக் காட்டி வேட்டை ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்பது, அறிவியலின் பெயரால் அறிவியலுக்கு எதிராகப் பேசுவது.

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் பயணப் புறா. உலகின் மிகப் பெரிய பறவைத் தொகையாக, 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்ததாக மதிப்பிடப்படுவது அது. தந்தியும் ரயிலும் வந்தபின் கூட்டம் எங்கே இறங்கியது என்ற செய்தி உடனுக்குடன் வேட்டைக்காரர்களுக்குப் போனது. சுட்ட புறா பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்குப் போனது. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் மார்த்தா என்ற கடைசிப் புறா செத்தது. நூறாண்டு கழித்து அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த புறாக்களின் விரல்சதையிலிருந்து டிஎன்ஏவை எடுத்துப் படித்தார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு இருக்க வேண்டிய பன்மையில் சிறு பகுதியே இருந்தது.

ஏன் என்பதில் இரண்டு கருத்துகள். 2014இல் வந்த ஒரு ஆய்வு, இந்தப் புறாவின் எண்ணிக்கை இயல்பாகவே பெரிதும் ஏறி இறங்கியிருக்க வேண்டும், இறங்கிய ஒரு கட்டத்தில் வேட்டையும் சேர்ந்து முடித்துவிட்டது என்றது. 2017இல் பெத் ஷாபிரோவின் குழுவினர் அதை ஏற்கவில்லை. அவர்கள் கண்டபடி, குறைந்தது 20,000 ஆண்டுகளாக எண்ணிக்கை நிலையாகவே இருந்தது. பன்மை குறைந்தது வேறு காரணத்தால். தொகை மிகப் பெரிதாக இருக்கும்போது நன்மை தரும் ஒரு மாற்றம் வேகமாகப் பரவும். பரவும்போது குரோமோசோமில் தனக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பகுதிகளில் இருந்த வேறுபாடு துடைக்கப்பட்டுவிடும். மரபணு மறுசேர்க்கை குறைவாக நடக்கும் குரோமோசோமின் நடுப்பகுதிகளில் பன்மை வற்றியும் ஓரங்களில் மிகுந்தும் இருந்தது இந்த விளக்கத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. எனக்கு இரண்டாவது விளக்கமே வலுவானதாகப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் வேட்டை நிர்வாகத்துக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: பன்மையை மட்டும் பார்த்துப் பறவையின் எண்ணிக்கையையும் ஊகிக்க முடியாது, எதிர்காலத்தையும் ஊகிக்க முடியாது.

இனிக் காடைக்குத் திரும்பலாம். இந்தத் துறையில் அண்மையில் வந்த முக்கியமான கண்டுபிடிப்பு காடையில்தான் நடந்தது.

களவேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் கண்டுபிடிப்பு எளிதில் விளங்கும். ஆண் காடை மூன்று அசையில் கூவும். காற்றில்லாத அதிகாலையில் அது வெகுதூரம் கேட்கும். ஆய்வாளர் பயிரின் மேல் வலையைத் தரைக்கு இணையாக விரித்து, அதன் கீழே ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் பெண் காடையின் குரலைப் போடுவார். ஆண் பறந்து வராது. பயிருக்குள் ஓடி ஓடி வரும். வலைக்கு அடியில் வந்ததும் ஆய்வாளர் எழுந்து நிற்க, பயந்து செங்குத்தாக மேலே எழும்பும் காடை வலையில் மாட்டிக்கொள்ளும். தொண்டையின் நிறத்தைப் பார்ப்பார்கள், இறக்கையை அளப்பார்கள், எடை போடுவார்கள், ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். பறவைகளின் சிவப்பணுக்களில், நம்முடையதில் இல்லாத உட்கரு இருக்கிறது. ஆகவே அந்தத் துளியிலேயே முழு மரபணுத் தொகுதியும் கிடைத்துவிடும். ஒரு இறகையும் எடுத்து வைப்பார்கள். மழைநீரில் இருக்கும் கனமான ஹைட்ரஜனின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். வடக்கே போகப் போகக் குறையும். அந்த நீரால் வளர்ந்த பயிரையும் பூச்சியையும் தின்று முளைத்த இறகில் அந்த விகிதம் பதிந்திருக்கும். இறகு எந்தப் பகுதியில் முளைத்தது என்பதை அதிலிருந்து கணிக்கலாம். பிறகு காடையை விட்டுவிடுவார்கள்.

இப்படிச் சேர்த்த காடைகளில் 80இன் மரபணுத் தொகுதியைப் படித்து, இனெஸ் சான்செஸ்-டோனோசோ, கார்லெஸ் விலா முதலியோர் 2022இல் வெளியிட்ட முடிவு இது: சில காடைகளின் முதல் குரோமோசோமில் பாதிக்கும் மேலான ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அந்தத் துண்டின் நீளம் 11.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதில் 7,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். மொத்த மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 12 சதவீதம். திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் ஒன்றோடொன்று மறுசேர்க்கை செய்ய முடியாது. ஆகவே அத்தனை மரபணுக்களும் ஒரே கட்டாகப் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போகின்றன. அந்தக் கட்டு உடைவதில்லை.

அந்தக் கட்டைச் சுமக்கும் காடைகள் பார்வைக்கே வேறு. உடல் பெரிது, கனம் அதிகம், தொண்டை கருஞ்சிவப்பு, இறக்கை வட்டமானது. நெடுந்தூரம் பறப்பவற்றுக்கு இறக்கை நீண்டு கூர்மையாக இருக்க வேண்டும். வட்ட இறக்கை உள்ளூர்ப் பறவைக்குரியது. இறகின் ஹைட்ரஜனும் அதையே சொன்னது: இவை தொலைதூரம் போகவில்லை. இவை கிடைப்பதும் ஐபீரியத் தீபகற்பத்தின் தென்பகுதி, மொராக்கோ, அட்லாண்டிக் தீவுகள் ஆகிய தென்மேற்கு மூலையில்தான். மற்றக் காடைகளும் அதே வயல்களில் கூவுகின்றன, இவற்றோடு ஜோடி சேர்கின்றன. மீதி மரபணுத் தொகுதியை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே கூட்டம்தான். சில மரபணுக் குறிகளை மட்டும் படித்து, ஐரோப்பாவின் காடைகளில் கட்டமைப்பே இல்லை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த ஆய்வுகளின் கண்ணில் இந்த வேறுபாடு படாமல் போனதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கண்டுபிடிப்பு இனத்தொகை என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதத்தையே அசைக்கிறது. பழைய கேள்வி, எந்த ஊர்க் காடை எந்த ஊர்க் காடையிலிருந்து வேறு என்பது. இங்கே வேறுபாடு ஊருக்கும் ஊருக்கும் இடையில் இல்லை. ஒரே வயலில், ஒரே கூட்டுக் குஞ்சுகளுக்கு இடையில்கூட இருக்க முடியும். ஒன்று ஆப்பிரிக்கா போகும், மற்றொன்று போகாது. வேட்டைக் கணக்கோ தெற்கு ஸ்பெயினில் விழுந்த காடைகளை ஒரே தலைப்பில் எழுதுகிறது. வலசை போகும் வகை குறைந்து போகாத வகை நிலைத்து நின்றால், கூட்டுத் தொகை அதிகம் மாறாது, சரிவு மறைந்துவிடும். தொண்டை நிறத்தையும் இறக்கை நீளத்தையும் சேர்த்துப் பதிவு செய்தாலே இதில் பாதி தெரிந்துவிடும். வேட்டைக்காரர்களே செய்யக்கூடிய வேலை அது.

உள்ளான் வகையைச் சேர்ந்த ரஃப் என்ற வலசைப் பறவையிலும் இப்படி ஒரு தலைகீழ்த் துண்டு ஆண்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது என்பது 2015 முதல் தெரியும். குளிர்காலத்தில் நம் ஊர் உப்பளங்களுக்கும் ஏரிகளுக்கும் வரும் பறவை அது. ஆனால் அங்கே துண்டு சிறியது, வேலை இனச்சேர்க்கையைப் பற்றியது. வலசையோடு இவ்வளவு நெருங்கிய தொடர்புடைய, இவ்வளவு பெரிய துண்டு காடையில் கிடைத்ததுதான் புதிது.

இதுவரை சொன்னது இயற்கை செய்த வேறுபாடு. இனி மனிதன் சேர்க்கும் கலப்பு. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

காடை குறையத் தொடங்கியதும் வேட்டைச் சங்கங்கள் பண்ணைக் காடைகளை வாங்கி வயலில் விடத் தொடங்கின. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் நாடுகளில் இது பல பத்தாண்டு வழக்கம். சில இடங்களில் அங்கே கூடு கட்டும் காட்டுக் காடைகளைவிட விடப்படும் பண்ணைக் காடைகள் பல மடங்கு அதிகம். ஆனால் காட்டுக் காடையைக் கூண்டில் வளர்ப்பது கடினம். படபடப்பு மிக்கது, கூண்டில் சரியாக முட்டையிடாது. சுலபமாக வளர்வது ஜப்பானியக் காடை. அது தனி இனம், கிழக்காசியாவைச் சேர்ந்தது, நெடுங்காலம் கூண்டில் பழகி, முட்டைக்கும் இறைச்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. காட்டில் இவ்விரு இனங்களும் சந்திப்பது பைக்கால் ஏரி, மங்கோலியா பக்கம் மட்டும்தான். கூண்டில் சேர்த்து வைத்தால் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சும் குஞ்சு பொரிக்கும்.

கத்தலோனியாவில் வேட்டைக்காக வளர்க்கும் பண்ணைகளின் காடைகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2012இல் முடிவை வெளியிட்டார்கள். காட்டுக் காடை என்ற பெயரில் வளர்ந்த அவற்றில் 85 சதவீதத்துக்கும் மேலானவை தூய காட்டுக் காடைகள் அல்ல, ஜப்பானியக் காடையின் வம்சம் கலந்தவை.  வயலில் வேட்டையாடப்பட்டவற்றிலும் பண்ணை வம்சம் தென்பட்டது. வாங்கியவர்களில் பலர் ஏமாந்தவர்கள் என்றே நினைக்கிறேன். உருவத்தில் வேறுபாடு தேர்ந்த கண்ணுக்கே அரிதாகத்தான் தெரியும்.

நல்ல செய்தியும் உண்டு. விடப்பட்ட காடைகள் வெகு சீக்கிரம் செத்துவிடுகின்றன. நரிக்கும் வல்லூறுக்கும் தப்பத் தெரிவதில்லை. அதே குழு 2014இல் காட்டியபடி, விடப்படும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டிய கலப்பில் மிகச் சிறு பங்கே காட்டுத் தொகையில் ஏறியிருக்கிறது. இதை வைத்துக் கவலை வேண்டாம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. காரணம், கலப்பு எதைக் கெடுக்கும் என்பதில் இருக்கிறது. பிரான்ஸில் கலப்புக் குஞ்சுகளின் வலசைத் துடிப்பை அளந்து பார்த்தார்கள்: இலையுதிர் காலத்தில் உடலில் கொழுப்பு சேர்கிறதா, இரவில் கூண்டில் நிலைகொள்ளாமல் தத்துகிறதா என்று. காட்டுக் காடையில் இரண்டும் தெளிவாக இருந்தன. பண்ணைக் காடையில் மங்கிவிட்டன. கலப்பில் ஒவ்வொன்று ஒவ்வொரு மாதிரி. வலசை போக வேண்டிய பறவைக்குப் புறப்படும் நாளும் பறக்கும் தூரமும் இரத்தத்தில் எழுதியிருக்கின்றன. அதில் மெல்லக் கலக்கும் மரபணு, ஆண்டுதோறும் மேலும் மேலும் விடப்படும் பறவையால் நின்றுபோகாமல் ஊட்டப்படுகிறது. விடுவது நின்றால் இயற்கைத் தேர்வு அதைக் கழுவிவிடும். நிற்காவிட்டால் கழுவ முடியாது.

வட அமெரிக்காவின் மல்லார்ட் இதற்குப் பெரிய எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கிழக்குக் கரையில் ஐரோப்பிய வம்சத்துப் பண்ணை வாத்துகளை வேட்டைக்காக ஏராளமாக விட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தைச் சேர்ந்த பிலிப் லவ்ரெட்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய தோல்களையும் இன்றைய வாத்துகளையும் ஒப்பிட்டார்கள். கிழக்கில் இன்று பறக்கும் மல்லார்டுகளில் பெரும்பாலானவற்றில் பண்ணை வம்சம் ஊடுருவியிருக்கிறது. மேற்கே போகப் போகக் குறைகிறது. பண்ணை வாத்தின் அலகே வேறு. நீரிலிருந்து சிறு விதைகளை வடிகட்டும் பல்வரிசை அதில் நெருக்கம் குறைவு, மணி மணியாகப் போடும் தீவனத்துக்குப் பழகிய அலகு. கிழக்குப் பாதையில் மல்லார்ட் குறைந்துபோக, 2019இல் அங்கே ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடிய அளவை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். பண்ணை வம்சம் அந்தச் சரிவுக்கு எவ்வளவு காரணம் என்பது இப்போது தீவிரமாக ஆராயப்படும் விஷயம். ஐரோப்பாவிலோ இன்றும் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் அதிகமான மல்லார்டுகள் வேட்டைக்காக விடப்படுகின்றன.

அரபு நாட்டு வல்லூறு வேட்டைக்காரர்கள் விரும்பும் ஹௌபாராவிலும் இந்தச் சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துப் பாகிஸ்தான், இராஜஸ்தான், வளைகுடா வரை வலசை வரும் பறவை அது. வளைகுடா நாடுகள் ஆயிரக்கணக்கில் கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுகின்றன. பறவை அதே இனம்தான், பெருமளவு நல்லெண்ணமும் இருக்கிறது. ஆயினும் உஸ்பெகிஸ்தானில் விடப்பட்டவற்றைச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, காட்டுப் பறவைகள் போகும் தூரத்துக்கு அவை போகவில்லை. குளிர் மிகுந்த வடக்கிலேயே தங்கிவிட்டன.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் வறுவலாகவும் முட்டையாகவும் விற்பது பண்ணை ஜப்பானியக் காடை. 1970களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இசத்நகர் ஆய்வு நிலையம் வழியாகப் பரவியது. சோழமண்டலக் கரையின் பெயரைத் தன் அறிவியல் பெயரிலேயே தாங்கிய, மார்பில் கருமை படிந்த காடை இனம் ஒன்று நம் புல்வெளிகளில் இருக்கிறது. குளிர்காலத்தில் வலசைக் காடையும் வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பது குற்றம். கண்ணி வைத்துப் பிடிப்பது இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை என்பதும் உண்மை. ஆனால் வேட்டைக்காகப் பண்ணைக் காடையை வயலில் விடும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அந்த ஒரு வகையில் நம் காடைகள் ஐரோப்பியக் காடைகளைவிடப் பாதுகாப்பாக இருக்கின்றன. புண்ணியமென்று கருதியோ வேறு எதற்காகவோ பண்ணைக் காடையை வாங்கிக் காட்டில் திறந்துவிடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

வேட்டைப் பறவைகளின் மரபணு ஆய்வு முப்பது ஆண்டுகளாகக் கட்டமைப்பைத் தேடிச் செலவிட்ட உழைப்பு வீணில்லை. ஆனால் இனி அந்த உழைப்பு போக வேண்டிய திசை வேறு. எல்லைக் கோடு எங்கே என்று கேட்பதைவிட, வலசை போகும் திறனைத் தாங்கும் மரபணுக்கள் எங்கே, அவற்றின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு இன்று சுடப்படும் ஒவ்வொரு பறவையும் ஒரு மாதிரி. ஒரு இறகு போதும், வேட்டைச் சங்கங்கள் சேர்த்துத் தரலாம். எண்ணிக்கையைக் காக்கும் வேலையை வழக்கமான கணக்கெடுப்பும் வேட்டை ஒதுக்கீடும்தான் செய்ய வேண்டும். அதை மரபணு ஆய்வின் தலையில் கட்டக் கூடாது.

வெளியே விடும் விஷயத்தில் காத்திருக்க எதுவும் இல்லை. அயல் பறவையினத்தை அறிமுகம் செய்வது உள்ளூர் உயிர்களுக்குக் கேடாக அமையாதபடி பார்த்துக்கொள்வது உறுப்பு நாடுகளின் கடமை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் ஆணையின் 11ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. ஜப்பானியக் காடையைக் காட்டுக் காடையிலிருந்து பிரித்தறிய ஒரு சில மரபணுக் குறிகளே போதும். பண்ணையிலிருந்து வயலுக்குப் புறப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி, தேறாத தொகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.